ஒரே கருவி, ஒரே நாயகன். ஆட்டம் மட்டும் ஏன் வேறு?

தடித்த அட்டை ஒன்றை எடுத்து, அதன் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். அட்டையை முகத்திலிருந்து ஒரு சாண் தொலைவில் பிடித்து, அந்தச் சன்னல் வழியாக மட்டுமே பார்த்தபடி உங்கள் வீட்டுக் கூடத்தில் மெல்ல நடந்து பாருங்கள். நாற்காலி எங்கிருந்தோ முளைத்து முழங்காலில் இடிக்கும். வாசற்படி திடீரென்று எதிரே வந்து நிற்கும். இருட்டில்கூடத் தடுமாறாமல் நீங்கள் நடக்கும் வீடுதான் அது. ஆனாலும் இடித்துக்கொள்கிறீர்கள். பிழை உங்கள் காலில் இல்லை. சன்னலின் அளவில் இருக்கிறது.

கையடக்க விளையாட்டுக் கருவிகளில் ஆடிய சிறுவர் சிறுமியர் பலர் இதே அனுபவத்தைப் பெற்றிருக்கிறார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாயகன் சட்டென்று பள்ளத்தில் விழுவான். "எனக்கு ஆடத் தெரியவில்லை" என்று ஆடுபவர் தம்மையே நொந்துகொள்வார். சில சமயம் அது உண்மைதான். ஆனால் வேறு சில சமயங்களில் பிழை ஆட்டத்தை ஆக்கியவர்களுடையது. ஒரே கருவியில், ஒரே நாயகனை வைத்துச் செய்த ஆட்டங்களிலேயே ஒன்று இனித்தது; மற்றொன்று கசந்தது. ஏன்? கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் வரலாறும் தெரிந்தால் இதற்கு விடை காணலாம்.

கைக்குள் ஒரு கணிப்பொறி

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1989 ஏப்ரல் மாதம் ‘கேம் பாய்’ என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குன்பெய் யோகோயி என்ற பொறியாளரின் தலைமையில் உருவானது அது. நான்கு சிறிய மின்கலங்களைப் போட்டால் மணிக்கணக்கில் ஆடலாம். அதன் உள்ளே 8 பிட் நுண்செயலி ஒன்று இருந்தது. வேலை நினைவகம் 8 கிலோபைட். படத்துக்கென்று தனியே இன்னொரு 8 கிலோபைட். திரையில் வண்ணங்கள் கிடையாது. வெளிர்நிறம் முதல் கருநிறம் வரை நான்கே சாயைகள்.

புள்ளிக் கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்தத் திரையைப் புரிந்துகொள்வது எளிது. குறுக்கே 160 புள்ளிகள், நெடுக்கே 144 புள்ளிகள். ஆக மொத்தம் 23,040 புள்ளிகள். இவற்றைக் கொண்டே வானம், மலை, வீரன், பகைவன் எல்லாவற்றையும் வரைந்தாக வேண்டும். திரைப்படச் சுருளில் விநாடிக்கு 24 படங்கள் ஓடும் அல்லவா? கேம் பாயில் விநாடிக்கு ஏறத்தாழ 60 படங்கள் ஓடின.

இக்கருவியில் பெரிதும் விரும்பப்பட்ட ஆட்டவகை ‘பிளாட்ஃபார்ம்’ ஆட்டம். நாயகன் ஓடுவான், மேடைவிட்டு மேடை தாவுவான், பள்ளங்களைத் தாண்டுவான். இதில் கதை குறைவு, தாவலே உயிர். தாவல் சரியாக அமையாவிட்டால் ஓவியமும் இசையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆட்டத்தைக் காப்பாற்ற முடியாது.

வேலை வெளியே போகிறது

ஒரு தையற்கடைக்குத் தீபாவளிக் கூட்டம் வந்துவிட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? வெட்டிய துணிகளில் ஒரு பகுதியை வேறு தையற்காரரிடம் கொடுத்துத் தைத்து வாங்குவார். சட்டையில் இருக்கும் பெயர்த்துண்டு கடைக்காரருடையது. தையல் மட்டும் மற்றவருடையது.

ஆட்ட உலகிலும் இதுவே நடந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் பெரிய ஆட்டங்களைத் தலைமை நிறுவனத்தின் சொந்தக் குழு செய்யும். அதே நாயகன் தோன்றும் கையடக்க ஆட்டத்தை ஒப்பந்த முறையில் வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பார்கள். பெட்டியின் மேல் அச்சாவது பெரும்பாலும் தலைமை நிறுவனத்தின் பெயர்தான். ஆகவே அட்டைப்படத்தைப் பார்த்து வாங்குகிற சிறுவனுக்கு உள்ளே யாருடைய கைவேலை இருக்கிறது என்பது தெரியவே தெரியாது.

வெளியே கொடுத்தாலே வேலை கெட்டுவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். சிறந்த ஆட்டங்களும் அப்படிப் பிறந்திருக்கின்றன. சிக்கல் எங்கே எழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சன்னல் சுருங்கினால்

‘செகா’ நிறுவனம் 1990-இல் ‘கேம் கியர்’ என்ற வண்ணத்திரைக் கருவியை ஜப்பானில் வெளியிட்டது. அதே நிறுவனத்தின் ‘மாஸ்டர் சிஸ்டம்’ என்ற தொலைக்காட்சி ஆட்டக்கருவியும் இதுவும் உள்ளமைப்பில் உடன்பிறப்புகள் போன்றவை. ஆகவே ஒன்றுக்குச் செய்த ஆட்டத்தை மற்றொன்றுக்கு மாற்றுவது எளிதாக இருந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மாஸ்டர் சிஸ்டத்தின் படம் குறுக்கே 256, நெடுக்கே 192 புள்ளிகள். கேம் கியரின் திரையோ கேம் பாயைப் போலவே 160-க்கு 144. பரப்பைப் பெருக்கிப் பாருங்கள்: 49,152 புள்ளிகள் 23,040 ஆகக் குறைகின்றன. பாதிக்கும் கீழே!

நாயகன் திரையின் நடுவில் நிற்பதாகக் கொள்வோம். பெரிய திரையில் அவனுக்கு முன்னே 128 புள்ளித் தொலைவு தெரியும். சிறிய திரையில் 80 மட்டுமே. அவன் ஒரு படத்துக்கு 4 புள்ளி வேகத்தில் ஓடுகிறான், எதிரே ஒரு பந்து ஒரு படத்துக்கு 2 புள்ளி வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நெருங்கும் வேகம் 6 புள்ளி. பெரிய திரையில் மோதலுக்கு முன் கிடைப்பவை 128 ÷ 6, அதாவது சுமார் 21 படங்கள், நேரத்தில் 0.36 விநாடி. சிறிய திரையில் 80 ÷ 6, அதாவது சுமார் 13 படங்கள், நேரத்தில் 0.22 விநாடி.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே ஒரு முக்கியமான எல்லை இருக்கிறது. கண்ணால் ஒன்றைக் கண்டு விரலை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ 0.2 முதல் 0.25 விநாடி பிடிக்கும். கண்ணிலிருந்து மூளைக்கும், மூளையிலிருந்து தசைக்கும் செய்தி போய்ச்சேர வேண்டுமல்லவா? எனவே பெரிய திரையில் தப்பிக்கக்கூடிய பந்திலிருந்து சிறிய திரையில் தப்புவது அரிது. ஆட்டக்காரரின் திறமை குறையவில்லை. அவருக்குத் தரப்பட்ட நேரம் குறைந்துவிட்டது.

உண்மை ஆட்டங்களில் இதற்குச் சான்று உண்டு. செகாவின் புகழ்பெற்ற நாயகன் சோனிக் என்ற முள்ளெலி. 1991-இல் அதன் முதல் 8 பிட் ஆட்டத்தை ‘ஏன்ஷியன்ட்’ என்ற வெளி நிறுவனம் செய்தது. இசையமைப்பாளர் யூசோ கோஷிரோ தொடங்கிய சிறு நிறுவனம் அது. அந்த ஆட்டத்தின் காட்டுப் பகுதியில் மேல்நோக்கி ஏறிச்செல்லும் ஒரு கட்டம் வரும். மாஸ்டர் சிஸ்டத்தில் ஏற ஏறத் திரை மேலே மட்டுமே நகரும்; கீழே நழுவினால் சாவுதான். கேம் கியரிலோ திரை மறுபடி கீழேயும் இறங்கி வரும். நழுவியவன் பழைய மேடையிலேயே நின்று மீண்டும் ஏறலாம். சன்னல் சிறியது, கீழே இருப்பது தெரியாது என்பதை எண்ணிச் செய்த மாற்றமாகவே இது தோன்றுகிறது.

1992-இல் வந்த இரண்டாம் 8 பிட் ஆட்டத்தை ‘ஆஸ்பெக்ட்’ என்ற மற்றொரு நிறுவனம் செய்தது. அதன் முதல் பகுதியின் முடிவில், சரிவான தளத்தில் நின்றுகொண்டு துள்ளி வரும் பந்துகளிலிருந்து தப்ப வேண்டும். மாஸ்டர் சிஸ்டத்தில் பந்து வருவதை முன்கூட்டியே பார்க்கலாம். கேம் கியரில் பந்து திரைக்குள் நுழையும்போதே தலைக்கு அருகில் வந்துவிடும். முதல் பகுதியிலேயே பலரைத் திணறடித்த இடம் என்று ஆட்டக்காரர்கள் இன்றும் இதைச் சொல்கிறார்கள். கருவி ஒன்றே, நாயகன் ஒருவனே. சன்னலை நினைவில் வைத்த இடமும் மறந்த இடமுமே வேறு.

தாவலின் கணக்கு

இனித் தாவலுக்கு வருவோம். நாயகன் தாவும்போது கணிப்பொறி செய்வது நீங்கள் இயற்பியலில் படிக்கும் கணக்கையேதான். மேல்நோக்கிய வேகம் ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு படத்திலும் ‘புவியீர்ப்பு’ என்ற எண்ணை அதிலிருந்து கழித்துக்கொண்டே வரும்.

தொடக்க வேகம் ஒரு படத்துக்கு 5 புள்ளி, ஈர்ப்பு 0.25 என்று கொள்வோம். 20 படங்களில் வேகம் சுழியாகும். எட்டும் உயரம் ஏறத்தாழ 50 புள்ளி. இறங்க இன்னொரு 20 படங்கள். இந்த 40 படங்களில் நாயகன் படத்துக்கு 1.5 புள்ளி வீதம் முன்னே நகர்ந்தால் 60 புள்ளி தொலைவைக் கடப்பான்.

இப்போது ஈர்ப்பை மட்டும் 0.2 ஆக்குங்கள். ஏற 25 படங்கள், இறங்க 25 படங்கள். உயரம் சுமார் 62 புள்ளி, தொலைவு 75 புள்ளி. வழியில் 66 புள்ளி அகலமுள்ள பள்ளம் ஒன்று இருந்தால், முதல் நாயகன் விழுவான், இரண்டாமவன் தாண்டுவான். மாறியது 0.05 மட்டுமே!

8 பிட் நுண்செயலியில் பின்னங்களை அப்படியே எழுத முடியாது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையுள்ள முழு எண்கள்தாம் அடங்கும். ஆகவே ஒரு புள்ளியை 256 நுண்பகுதிகளாகப் பிரித்து, முழுப்புள்ளியை ஒரு பைட்டிலும் நுண்பகுதியை இன்னொரு பைட்டிலும் வைப்பது வழக்கம். 0.25 என்பது 64 ஆகும், 0.2 என்பது 51 ஆகும். இந்த 64-க்கும் 51-க்கும் இடையில் எந்த எண் சரி? எந்தச் சூத்திரமும் அதைச் சொல்லாது. ஆடிப்பார்த்து, திருத்தி, மறுபடி ஆடிப்பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். சாம்பாருக்கு உப்பு எவ்வளவு என்று சமையற்குறிப்பு சொன்னாலும், ருசி பார்க்காமல் இறக்க முடியுமா?

வேலையை வெளியே கொடுக்கும்போது தொலைந்துபோகிற பொருள் பெரும்பாலும் இதுதான். "நாயகன் தாவ வேண்டும், சுட வேண்டும், எட்டுப் பகைவர் வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். அந்தத் தாவல் விரலுக்கு எப்படிப்பட வேண்டும் என்பதை எழுத்தில் வடிப்பது கடினம்.

பதினோராவது பொம்மை

கேம் பாயில் அசையும் உருவங்களை ‘ஸ்பிரைட்’ என்ற சிறு பொம்மைகளாக வரைவார்கள். ஒன்றின் அகலம் 8 புள்ளி. திரையில் ஒரே நேரத்தில் 40 பொம்மைகள் வரை இருக்கலாம். ஆனால் ஒரே கிடைவரியில் 10-க்கு மேல் வரையாது. நாயகன் 24 புள்ளி அகலமானால் அவனுக்கு 3 பொம்மைகள் வேண்டும். 32 புள்ளி அகலமுள்ள பகைவனுக்கு 4. ஆக 7 போயிற்று. மீதம் 3 குண்டுகளுக்குத்தான் இடம். நான்காவது குண்டு அதே வரியில் வந்தால் கணக்கு 11 ஆகிவிடும். ஒரு பொம்மை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தெரியாத குண்டு பட்டு நாயகன் இறந்தால் ஆடுபவர் என்ன செய்வார், பாவம்!

அனுபவமுள்ள குழுவினர் ஒவ்வொரு படத்திலும் வேறுவேறு பொம்மையை மறையவிட்டு, எல்லாம் சற்று மினுங்கினாலும் எதுவும் அடியோடு மறையாதபடி செய்வார்கள். அல்லது பகைவர்கள் ஒரே வரியில் கூடாதபடி கட்டத்தையே அமைப்பார்கள். நின்டெண்டோவின் சொந்தக் குழு 1989-இல் ‘சூப்பர் மாரியோ லேண்ட்’ ஆட்டத்தில் உருவங்களை மிகச் சிறியனவாக வரைந்தது. அதனால் சிறிய சன்னலுக்குள்ளும் பரந்த வெளி கிடைத்தது.

ராக்மேனின் ஐந்து ஆட்டங்கள்

இப்போது நம் சிக்கலுக்கு ஏற்ற சோதனைச்சாலை ஒன்றுக்குப் போகலாம். ஜப்பானின் ‘கேப்காம்’ நிறுவனம் 1987-இல் ‘ராக்மேன்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. வெளிநாடுகளில் அதன் பெயர் ‘மெகாமேன்’. நீலக் கவசம் பூண்ட இயந்திரச் சிறுவன் அதன் நாயகன். வீட்டுத் தொலைக்காட்சிக் கருவிக்கு 1990 முதல் 1993 வரை ஆண்டுக்கு ஒன்றாக இத்தொடரில் புதிய ஆட்டங்கள் வந்தன. கேப்காம் குழுவுக்கு ஓயாத வேலை. எனவே கேம் பாய்க்கான ராக்மேனை வெளியே கொடுத்தார்கள்.

முதலாவது 1991 ஜூலையில் வந்தது. ‘மினாகுச்சி எஞ்சினியரிங்’ என்ற நிறுவனம் செய்தது. நாயகனின் உருவம் தொலைக்காட்சி ஆட்டத்தில் இருந்த அளவை ஒட்டியதே. ஆகவே சன்னல் நெருக்கமாகத்தான் இருந்தது, ஆட்டமும் கடினம். ஆனால் தாவலும் சுடுதலும் ராக்மேனுக்கு உரியவையாகவே இருந்தன.

இரண்டாவது அதே ஆண்டு டிசம்பரில், ஐந்தே மாத இடைவெளியில் வந்தது. இதைச் செய்தது வேறு நிறுவனம். தரையில் சறுக்கிச் செல்வது போன்ற புதிய வசதிகள் இருந்தும், ஆட்டம் மிக எளிதாகிவிட்டது என்று பலர் கருதினர். இசையின் சுருதி உயர்ந்து காதைக் குத்துகிறது என்ற குறையும் எழுந்தது. கேம் பாயில் இசைக்கு நான்கு தடங்களே உண்டு. ஆனால் அதே நான்கு தடங்களில்தானே மற்ற நான்கு ஆட்டங்களும் இசைத்தன! இத்தொடரில் தொடக்கமுதல் ஓவியராகப் பணிபுரிந்த கெய்ஜி இனாஃபுனே, இரண்டாவது ஆட்டம் தமக்கு நிறைவளிக்கவில்லை என்றும், அதைச் செய்த குழு ராக்மேனை அவ்வளவாக அறிந்திருக்கவில்லை என்றும் பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார்.

மூன்றாவது ஆட்டத்துக்குப் பழைய மினாகுச்சி நிறுவனத்திடமே திரும்பிப் போனார்கள். அது 1992 டிசம்பரிலும், நான்காவது 1993-இலும், ஐந்தாவது 1994-இலும் வெளிவந்தன. மூன்றாவதில் ஆற்றலைத் திரட்டிச் சுடும் துப்பாக்கி சேர்ந்தது. நான்காவதில் பொருள்கள் வாங்கும் கடை வந்தது. முதல் நான்கு ஆட்டங்களின் பகைவர்களில் பெரும்பாலோர் தொலைக்காட்சி ஆட்டங்களிலிருந்து எடுத்தவர்கள். ஐந்தாவதில் முற்றிலும் புதிய பகைவர்கள். புதன், வெள்ளி, செவ்வாய் என்று கோள்களின் பெயர்களைத் தாங்கியவர்கள். ஐந்திலும் சிறந்தது இதுவே என்பார் பலர்.

கவனியுங்கள்: ஐந்து ஆட்டங்களுக்கும் கருவி அதுவே. நுண்செயலி, நினைவகம், திரை, ஒலித்தடம் எதுவும் மாறவில்லை. ஐந்துமே வெளியே கொடுத்துச் செய்தவைதாம். ஆகவே "சின்னக் கருவி, இவ்வளவுதான் வரும்" என்ற சாக்கும் நிற்காது; "வெளியே கொடுத்ததால் கெட்டது" என்ற முடிவும் நிற்காது.

அப்படியானால் மினாகுச்சி நல்ல நிறுவனம், மற்றது கெட்ட நிறுவனம் என்று முடித்துவிடலாமா? அதுவும் அவசர முடிவே. 1994-இல் முதல் மூன்று தொலைக்காட்சி ஆட்டங்களையும் செகாவின் 16 பிட் கருவியான ‘மெகா டிரைவ்’வுக்கு மாற்றிச் செய்தது இதே மினாகுச்சி. அது கேம் பாயைவிடப் பன்மடங்கு வலிமையான கருவி. ஆனால் பல இடங்களில் ஆட்டம் மந்தமாகி, நாயகன் இழுபட்டு நகர்ந்தான் என்று குறை எழுந்தது. கேம் பாயில் அவர்கள் சேர்த்த அனுபவம் புதிய கருவிக்கு அப்படியே கூடவரவில்லை.

இவற்றிலிருந்து நாம் ஊகிக்கக்கூடியது ஒன்றுண்டு. திறமை என்பது நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் தங்குவதில்லை. குறிப்பிட்ட மனிதர்கள், குறிப்பிட்ட கருவியில், குறிப்பிட்ட நாயகனோடு பழகிய நாள்களில் தங்குகிறது. கேம் பாயில் ஒரே நிறுவனம் மூன்று, நான்கு, ஐந்து என்று தொடர்ந்து செய்தபோது ஒவ்வோர் ஆட்டமும் அடுத்ததற்குப் பாடமாயிற்று. இடையில் கைமாறியபோது அந்தப் பாடம் கூடவே போகவில்லை. காலமும் குறைவாக இருந்தால், ருசி பார்த்து உப்பைச் சரிசெய்ய நேரம் ஏது?

நீங்களே செய்து பாருங்கள்

ஆட்டம் பிடிக்கிறதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அதில் கிடைக்கும் நேரத்தை அளக்க முடியும். முதலில் உங்கள் விரலின் வேகத்தை அளந்து கொள்ளுங்கள். நண்பர் ஒருவர் 30 செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். அதன் சுழிக் குறிக்கு நேரே உங்கள் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தொடாமல் வையுங்கள். அவர் சொல்லாமல் விடும்போது சட்டென்று பிடியுங்கள். 20 செ.மீ. குறியில் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் சுமார் 0.20 விநாடி, 30 செ.மீ. நெருங்கினால் சுமார் 0.25 விநாடி. பத்து முறை செய்து சராசரி காணுங்கள்.

அடுத்து, நீங்கள் ஆடும் ஏதாவது ஒரு தாவல் ஆட்டத்தில், ஒரு பகைவன் திரை ஓரத்தில் தோன்றியதிலிருந்து உங்கள் நாயகனைத் தொடும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். கைப்பேசியில் ஒளிப்பதிவு செய்து, படம் படமாக நகர்த்தி எண்ணலாம். அந்த நேரம் உங்கள் எதிர்வினை நேரத்தைவிடத் தாராளமாக இருந்தால், தோற்றது உங்கள் பயிற்சிக்குறை, இன்னும் ஆடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், ஆக்கியவர் சன்னலை மறந்துவிட்டார் என்று தயங்காமல் சொல்லலாம்.

நாளை உங்களில் ஒருவர் ஆட்டம் செய்யலாம்; அல்லது பாலம், மருந்துச்சீட்டு, பேருந்து நேர அட்டவணை என்று வேறொன்றைச் செய்யலாம். பிறரிடம் வேலையை ஒப்படைக்கும் நாளும் வரும். அன்று பட்டியலை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். அதைப் பயன்படுத்தப் போகிறவரின் சன்னல் எவ்வளவு சிறியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த அட்டைச் சன்னலையே கையில் கொடுத்து, கூடத்தில் ஒருமுறை நடந்துபார்க்கச் சொல்லுங்கள்.